கவிழ்ந்த டேங்கரும் நான்கு இலக்க எண்ணும்

2002 ஜனவரி 18, பின்னிரவு 1.37 மணி. அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில், மைனாட் நகரின் விளிம்பில் ஒரு சரக்கு ரயிலின் 31 பெட்டிகள் தடம் புரண்டன. அவற்றில் நீரற்ற அமோனியா ஏற்றிய ஐந்து டேங்கர்கள் அந்தக் கணமே பிளந்தன. சுமார் ஐந்தரை லட்சம் லிட்டர் அமோனியா வெளியே பாய்ந்தது. வெளியே வெப்பநிலை உறைநிலைக்கும் 20 டிகிரி கீழே. காற்று அசையவில்லை. வெண்ணிற மேகம் ஒன்று குடியிருப்புகளின் மேல் படர்ந்து பல மணி நேரம் அங்கேயே கிடந்தது.

ஆயிரக்கணக்கானோர் வாழும் பகுதி அது. இறந்தவர் ஒருவர். வீட்டை விட்டு வெளியேறி அந்த மேகத்துக்குள் தப்பிக்க முயன்றவர் அவர். கதவு ஜன்னல்களை அடைத்து உள்ளேயே இருக்கும்படி சொல்லப்பட்டவர்களில் பலர் கண் எரிச்சலும் மூச்சுத் திணறலுமாக அவதிப்பட்டாலும் உயிர் பிழைத்தார்கள். வீட்டுக்குள் தங்கியதுதான் மக்களைக் காத்தது என்று பின்னர் விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு சொன்னது.

இதற்கு நேர்மாறான இரவு ஒன்றும் உண்டு. 1979 நவம்பர் 10, கனடாவின் மிசிசாகா நகரம். சக்கரத்தின் அச்சுத் தாங்கி ஒன்று உராய்வில் காய்ந்து சிவந்து முறிய, சரக்கு ரயில் நகருக்குள்ளேயே தடம் புரண்டது. புரொப்பேன் டேங்கர்கள் அடுத்தடுத்து வெடித்தன. அவற்றுக்கு நடுவே குளோரின் நிரம்பிய டேங்கர் ஒன்று ஓட்டை விழுந்து கிடந்தது. அங்கே அதிகாரிகள் எடுத்த முடிவு, மக்களை வெளியேற்றுவது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடுகளைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். சிலர் திரும்பிவரப் பல நாள் ஆயிற்று. ஒருவர்கூட இறக்கவில்லை.

ஓரிடத்தில் உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். மற்றோரிடத்தில் வெளியேறியவர்கள் பிழைத்தார்கள். ரசாயன விபத்தில் 'ஓடு' என்பதும் 'இரு' என்பதும் தம்மளவில் சரியான அறிவுரைகள் அல்ல. மேகம் ஏற்கெனவே தலைக்கு மேல் வந்துவிட்டதா, வர இன்னும் நேரம் இருக்கிறதா, கசிவு எவ்வளவு நேரம் நீடிக்கும், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்ற கேள்விகளின் விடையைப் பொறுத்தே எது சரி என்று தெரியும். இவை எல்லாவற்றுக்கும் முந்திய கேள்வி ஒன்று இருக்கிறது: டேங்கருக்குள் இருப்பது என்ன?

நம் நெடுஞ்சாலைகளில் இந்தக் கேள்விக்கான விடை, வண்டியின் மேலேயே எழுதப்பட்டிருக்கிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, அபாயகரமான சரக்கை ஏற்றிச் செல்லும் ஒவ்வொரு வண்டியிலும் அவசரத் தகவல் பலகை இருக்க வேண்டும். மணலியிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் கடலூரிலிருந்தும் புறப்படும் டேங்கர் லாரிகளின் பின்னால் மணிக்கணக்கில் வண்டி ஓட்டியவர்கள்கூட அதைப் படித்திருக்க மாட்டார்கள். ஒருமுறை படித்துப் பாருங்கள். சரக்கின் பெயர், ஓர் அபாயக் குறி, ஒரு தொலைபேசி எண், சிறு குறியீடு ஒன்று, கூடவே நான்கு இலக்க எண்.

அந்த நான்கு இலக்கம் ஐக்கிய நாடுகள் அவையின் நிபுணர் குழு ஒவ்வொரு அபாயப் பொருளுக்கும் கொடுத்த எண். உலகம் முழுதும் ஒன்றே. 1017 என்றால் குளோரின். 1005 நீரற்ற அமோனியா. 1830 கந்தக அமிலம். 1789 ஹைட்ரோகுளோரிக் அமிலம். 1824 காஸ்டிக் சோடா கரைசல். 2031 நைட்ரிக் அமிலம். பெயர்ப்பலகை எந்த மொழியில் இருந்தாலும், பாதி அழிந்திருந்தாலும், இந்த எண் ஒன்று கிடைத்தால் போதும். தீயணைப்பு நிலையத்தில் இருப்பவர் எந்த உடை அணிவது, எதைத் தெளிப்பது, எத்தனை மீட்டர் தள்ளி நிற்பது என்று கையேட்டைப் புரட்டிச் சொல்லிவிடுவார்.

குறியீடு இன்னும் சுவாரசியமானது. பிரிட்டனில் உருவான இந்த முறையை இந்தியாவும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. முதலில் ஓர் இலக்கம்: 1 என்றால் தண்ணீரைப் பெருந்துளியாகத் தெளிக்கலாம், 2 என்றால் மென்தூறலாக, 3 என்றால் நுரை, 4 என்றால் உலர்ந்த பொருள் மட்டும். அடுத்து வரும் எழுத்து எந்தப் பாதுகாப்பு உடை தேவை, பொருள் வெடித்துச் சீறுமா, தண்ணீர் விட்டு நீர்த்துப் போகச் செய்யலாமா அல்லது ஓட விடாமல் அணை கட்ட வேண்டுமா என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்கிறது. கடைசியில் E என்ற ஆங்கில எழுத்து இருந்தால், சுற்றியுள்ள மக்களை அப்புறப்படுத்துவது பற்றி யோசிக்க வேண்டும் என்று பொருள். குளோரின் டேங்கரில் 2XE என்று இருக்கும். மூன்றே எழுத்தில் ஒரு கட்டளைத் தொகுப்பு.

பலகை இல்லாமலோ, சேதமடைந்தோ போனால் என்ன ஆகும் என்பதற்குச் சமீபத்திய சாட்சி, 2023 பிப்ரவரி 3ஆம் தேதி அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஈஸ்ட் பாலஸ்டீன் என்ற சிற்றூரில் நடந்த ரயில் விபத்து. மிசிசாகாவில் நடந்தது போலவே இங்கேயும் அச்சுத் தாங்கி காய்ந்துதான் ரயில் தடம் புரண்டது. இடையில் ஓடியது 43 ஆண்டுகள். தீயில் டேங்கர்களின் அபாயப் பலகைகள் எரிந்து போயின. எந்தப் பெட்டியில் என்ன சரக்கு என்ற பட்டியல் ரயில் நிறுவனத்திடமிருந்து தீயணைப்பு வீரர்களுக்கு உரிய நேரத்தில் வந்து சேரவில்லை. எது எரிகிறது என்று தெரியாமலேயே அவர்கள் அதன் முன்னால் நின்றார்கள். மூன்று நாள் கழித்து, வினைல் குளோரைடு டேங்கர்கள் தாமாக வெடித்துவிடும் என்ற அச்சத்தில் அவற்றை வேண்டுமென்றே திறந்து எரித்தார்கள். ஊரின் மேல் கரும்புகை எழுந்தது. அப்படிச் செய்யத் தேவையே இருக்கவில்லை என்றும், அதைச் சொல்லக்கூடிய தகவல் முடிவெடுத்தவரின் காதுக்குப் போய்ச் சேரவில்லை என்றும் 2024இல் விசாரணை வாரியம் அறிவித்தது. தீயில் எரியாத அபாயப் பலகைகள் வேண்டும் என்ற பரிந்துரை அந்த விசாரணையில் பிறந்ததுதான்.

அபாயப் பொருள் என்றே வகைப்படுத்தப்படாததால் வந்த கேடும் உண்டு. 1991 ஜூலையில் கலிபோர்னியாவின் டன்ஸ்முயர் ஊருக்கு அருகே தடம் புரண்ட ஒரு டேங்கரிலிருந்து மெத்தம் சோடியம் என்ற களைக்கொல்லி சாக்ரமென்டோ ஆற்றில் கொட்டியது. அன்றைய விதிகளில் அது அபாயப் பொருள் அல்ல. ஆகவே எச்சரிக்கைப் பலகையும் இல்லை. தண்ணீரோடு கலந்ததும் அது நச்சு வாயுவைக் கிளப்பும் சேர்மமாகச் சிதைந்தது. சுமார் 60 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆற்றில் மீன் என்று ஒன்று மிஞ்சவில்லை.

சரி, எண் தெரிந்துவிட்டது. அந்தப் பொருள் காற்றில் என்ன செய்யும்?

குளோரின் காற்றைப் போல இரண்டரை மடங்கு கனம். பள்ளம் தேடிப் போய்த் தேங்கும். டேங்கருக்குள் அது அழுத்தத்தில் திரவமாக இருக்கிறது. ஒரு லிட்டர் திரவம் வெளியே வந்தால் ஏறத்தாழ 450 லிட்டர் வாயுவாக விரியும். ஆகவே திரவம் ஒழுகும் ஓட்டையும் வாயு சீறும் ஓட்டையும் ஒன்றல்ல. குடிநீர் நிலையங்களுக்குப் போகும் ஒரு டன் குளோரின் உருளை கசிந்தால், ஓட்டை மேல்பக்கம் வரும்படி உருளையை உருட்டிவிடுவது பயிற்சி பெற்றவர்கள் முதலில் செய்யும் வேலைகளில் ஒன்று. ஓட்டை மூடாவிட்டாலும் திரவத்துக்குப் பதில் வாயு மட்டும் வெளியேறும். கசிவின் அளவு பல மடங்கு குறைந்துவிடும். அந்த ஓட்டையின் மேல் தண்ணீர் அடிப்பது மட்டும் கூடவே கூடாது. ஈரமும் குளோரினும் சேர்ந்து அமிலமாகி இரும்பை அரித்து ஓட்டையைப் பெரிதாக்கிவிடும். பலகையில் உள்ள '2' காற்றில் மிதக்கும் மேகத்தை நோக்கித் தூறலைப் பிடிக்கச் சொல்கிறது. கசியும் இடத்தை நோக்கி அல்ல. கையில் குழாய் இருந்தாலே போதாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தெரியவில்லை.

அமோனியா வேறு விதமாக ஏமாற்றும். பாடப்புத்தகப்படி அது காற்றைவிட இலேசானது, மேலே போய்விட வேண்டும். மைனாட்டில் அப்படிப் போகவில்லை. அழுத்தத்திலிருந்து விடுபட்ட அமோனியாவில் ஒரு பகுதி சட்டென்று ஆவியாகும்போது மீதியை உறைநிலைக்கும் 33 டிகிரி கீழே குளிர வைத்துவிடுகிறது. நுண்துளிகளும் குளிர்ந்த காற்றும் ஈரமும் கலந்த அந்த மேகம் சுற்றியுள்ள காற்றைவிடக் கனம். அது தரையை ஒட்டியே நகரும். தேங்கி நிற்கும் அமோனியாத் திரவத்தில் தண்ணீர் ஊற்றினால் தண்ணீரின் வெப்பம் அதைக் கொதிக்க வைத்து மேகத்தைப் பெருக்கும். ஆனால் அமோனியா வாயு தண்ணீரில் மிக எளிதாகக் கரையும். எனவே மூக்கையும் வாயையும் மூடிய ஈரத்துணி சிறிது நேரத்துக்கு நிஜமாகவே உதவும். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சுத் திணறியபடி நள்ளிரவில் தெருவுக்கு ஓடி வந்தார்கள். ஈரத்துணி என்ற இந்தச் சிறு விஷயம் அந்தக் குப்பங்களில் எத்தனை பேருக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தது என்ற கேள்வி என்னை விட்டு அகலவில்லை.

இரவு விபத்துகள் ஏன் கொடியவை? பகலில் வெயில் பட்டுச் சூடான தரை காற்றை மேலும் கீழுமாகக் கலக்குகிறது. நச்சு வாயு சீக்கிரம் நீர்த்துப் போகிறது. மேகமில்லாத, காற்றடங்கிய இரவில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கீழேயே தங்குகிறது. மேலே இருக்கும் சற்று வெதுவெதுப்பான காற்று பானைக்கு மூடி போட்டது போல அதை அடைத்துவிடுகிறது. 2005 ஜனவரி 6, பின்னிரவு 2.39 மணிக்கு அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் கிரானிட்வில் என்ற ஆலை நகரில் இதுதான் நடந்தது. முந்தைய ரயிலின் பணியாளர்கள் தண்டவாள மாற்றியைப் பழைய நிலைக்குத் திருப்பாமல் போய்விட்டார்கள். அடுத்து வந்த ரயில் கிளைத்தடத்தில் நின்றிருந்த ரயில் மீது மோதியது. குளோரின் டேங்கர் ஒன்று கிழிந்தது. ஒன்பது பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் அருகிலிருந்த நெசவாலையில் இரவுப்பணியில் இருந்தவர்கள். ரயில் ஓட்டுநர் மோதலில் தப்பி வெளியே வந்தவர். அவரைக் கொன்றது மூச்சோடு உள்ளே போன குளோரின். வட அமெரிக்க அவசரகாலக் கையேட்டில் குளோரினுக்கும் அமோனியாவுக்கும் பகலுக்கு ஒரு பாதுகாப்புத் தொலைவும் இரவுக்கு அதைவிட அதிகமான தொலைவும் தனித்தனியே அச்சிட்டிருப்பதன் காரணம் இதுவே. பொருள் இன்னதென்றே தெரியாவிட்டால் எல்லாத் திசையிலும் குறைந்தது 100 மீட்டர் என்கிறது அக்கையேடு. அது தொடக்கம் மட்டுமே.

திரவ அமிலம் என்றால் ஆபத்தின் வடிவம் மாறுகிறது. கந்தக அமிலம் எளிதில் ஆவியாகாது. தொலைவில் இருப்பவரைத் தேடிப் போகாது. தண்ணீரைப் போல இரண்டு மடங்குக்குச் சற்றே குறைவான அடர்த்தி. எண்ணெய் போல வழுவழுப்பு. அதில் கொஞ்சம் தண்ணீர் பட்டால் கடும் வெப்பம் கிளம்பிக் கொதித்துத் தெறிக்கும். நீர்த்த பின் இரும்பைத் தொட்டால் ஹைட்ரஜன் வெளிவரும். ஒரு பொறி போதும். தீயணைப்புத் துறையினர் தொலைவிலிருந்து வெள்ளமாகத் தண்ணீர் விட்டு நீர்த்துப் போகச் செய்வது உண்டு. அது அளவும் வடிகாலும் பார்த்துச் செய்யும் வேலை. நாலு பேர் நாலு குடத்தோடு ஓடுவதும் அதுவும் ஒன்றல்ல. மண்ணும் மணலும் கொட்டி, சாக்கடைக்கும் ஏரிக்கும் போகாமல் வரப்புக் கட்டுவதே முதலில் செய்யத்தக்கது.

சுண்ணாம்பு கொட்டினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 டன் அடர் கந்தக அமிலத்தை முழுதாக நடுநிலையாக்க ஏறத்தாழ 15 டன் நீற்றிய சுண்ணாம்பு வேண்டும். ஒரு லாரி அமிலத்துக்கு ஒரு லாரி சுண்ணாம்பு. அது வினைபுரியும்போது கிளம்பும் வெப்பமும் சாதாரணமல்ல. நான்கு மூட்டை சுண்ணாம்பைத் தூவிவிட்டுப் பக்கத்தில் நிற்பவர் எதையும் அணைத்துவிடவில்லை.

நைட்ரிக் அமிலத்துக்கு மரத்தூள் போடுவது இதைவிட மோசம். எண்ணெய் சிந்தினால் மரத்தூள் தூவுவது நம் பட்டறைகளின் பழக்கம். அடர் நைட்ரிக் அமிலம் மரத்தூளைத் தீப்பற்ற வைத்துவிடும். செம்பழுப்பு நிற நைட்ரஜன் டைஆக்சைடு புகையும் கிளம்பும். 2023 பிப்ரவரி 14 அன்று அமெரிக்காவின் டூசான் நகருக்கு அருகே நைட்ரிக் அமிலம் ஏற்றிய லாரி கவிழ்ந்து ஓட்டுநர் இறந்தபோது அந்தப் புகை வானில் எழுந்தது. பக்கத்துப் பகுதி மக்கள் வீட்டுக்குள் இருக்கும்படி சொல்லப்பட்டார்கள். மீட்புக் குழுவினர் அமிலத்தின் மேல் மண்ணைத்தான் கொட்டினார்கள்.

இந்தப் புகைக்கு இன்னொரு வஞ்சகம் உண்டு. சுவாசித்தவர் முதலில் இருமுவார். பிறகு சரியாகிவிட்டது என்று வீட்டுக்குப் போவார். பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். குளோரின், பாஸ்ஜீன் ஆகியவற்றுக்கும் இந்தத் தாமத விளைவு உண்டு. நச்சுப் புகையைச் சுவாசித்தவர் நன்றாகத் தெரிந்தாலும் மருத்துவரின் கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கடினமான கேள்வி இனிமேல்தான். ஓட்டுநர் உள்ளே சிக்கியிருக்கிறார், குரல் கேட்கிறது. நம் ஊரில் விபத்து என்றால் முதலில் ஓடி வருபவர் பக்கத்து டீக்கடைக்காரர்தான், பக்கத்து வயல்காரர்தான், ஆம்புலன்ஸ் அப்புறம். அந்தக் கைகளால் எத்தனையோ உயிர்கள் பிழைத்திருக்கின்றன. அந்த மனதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் நச்சு வாயு சூழ்ந்த இடத்துக்குள் மூச்சுக் கருவி இல்லாமல் நுழைபவர் சிக்கியிருப்பவரைக் காப்பாற்றுவதில்லை; அவருக்குப் பக்கத்தில் விழுகிறார். அடுத்து வரும் தீயணைப்பு வீரர் ஒருவருக்குப் பதில் இருவரைத் தூக்க வேண்டியிருக்கும். உடம்பில் காயமே இல்லாமல் ஒருவர் விழுந்து கிடக்கிறார் என்றால், அவரை வீழ்த்தியது இன்னும் அந்தக் காற்றில் இருக்கிறது. காற்று வரும் திசையில் தள்ளி நின்று, குரல் கொடுத்து, அவராக நடந்து வர முடியுமானால் எந்தப் பக்கம் வர வேண்டும் என்று சொல்லலாம். மற்றவர்களை நெருங்க விடாமல் தடுக்கலாம். அதுவும் உயிர் காக்கும் வேலைதான்.

கசிவதைப் பிடித்துக்கொள்ளக் குடத்தோடு ஓடுவது பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன். 2017 ஜூன் 25 அன்று பாகிஸ்தானின் பஹாவல்பூர் அருகே கவிழ்ந்த பெட்ரோல் லாரியைச் சுற்றி எரிபொருள் சேகரிக்கக் கூடியவர்களில் 200க்கும் மேற்பட்டோர் தீயில் இறந்தார்கள். பெருநாளுக்கு முந்தைய நாள் அது.

வாயு மேகம் நெருங்குகிறது, விலக நேரம் இருக்கிறது என்றால் காற்றின் போக்கிலேயே ஓடாதீர்கள். மேகமும் கூடவே வரும். அதன் பாதை பெரும்பாலும் நீளமானது, குறுகலானது. காற்றுக்குக் குறுக்காக நடந்தால் விரைவில் வெளியேறலாம். பிறகு மேட்டுப்பாங்கான இடம் பார்த்துப் போகலாம். தென்னை மட்டையும் புகையும் காற்றின் திசையைச் சொல்லும். நேரமில்லை என்றால் வீட்டுக்குள். மின்விசிறி, ஏசி, சமையலறை எக்ஸாஸ்ட் எல்லாவற்றையும் நிறுத்தி, ஈரத்துணியால் கதவிடுக்கை அடைத்து, குளோரின் போன்ற கனமான வாயு என்றால் மாடி அறைக்குப் போவது நல்லது. வென்டிலேட்டர் துளைகளும் ஓட்டுக் கூரையும் உள்ள நம் வீடுகள் டகோட்டாவின் குளிர்கால வீடுகளைப் போல இறுக்கமானவை அல்ல. ஆகவே நம்மிடம் இந்தப் பாதுகாப்பு குறுகிய நேரத்துக்கே தாங்கும்; அதிகாரிகள் வெளியேறச் சொன்னால் தயங்கக் கூடாது. மேகம் கடந்துவிட்டது என்ற அறிவிப்பு வந்ததும் ஜன்னல்களைத் திறந்து வெளியே வந்துவிட வேண்டும். வீட்டுக்குள் மெல்லப் புகுந்த வாயு மெல்லத்தான் வெளியேறும். அந்த நேரத்தில் வெளிக்காற்றைவிட உள்காற்றே மோசமாக இருக்கும்.

உடம்பில் அமிலமோ காரமோ பட்டுவிட்டால் உடனே உடைகளைக் களைந்துவிட்டுக் குறைந்தது 15 முதல் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். வெட்கம் பார்க்க நேரமில்லை. நனைந்த துணி தோலோடு ஒட்டி அரித்துக்கொண்டே இருக்கும். தூளாக ஒட்டியிருந்தால் முதலில் தட்டிவிட்டுப் பிறகு கழுவுங்கள். கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்தபடி கழுவ வேண்டும். காஸ்டிக் சோடா அமிலத்தைவிட ஆழமாக ஊடுருவிக் கண்ணைப் பறிக்கக்கூடியது. அமிலத்துக்குச் சோடா உப்பு, காரத்துக்கு எலுமிச்சை என்று தோலின் மேல் ரசாயனப் பரிசோதனை நடத்தக் கூடாது. கிளம்பும் வெப்பம் புண்ணைப் பெரிதாக்கும்.

சாலையில் அப்படியொரு டேங்கர் கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்தால், காற்று வரும் பக்கமாக விலகி நின்று, செல்போன் கேமராவில் உருப்பெருக்கி அந்த நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள். படிக்க முடியவில்லை என்றால் அதற்காக நெருங்க வேண்டாம். 112க்கு அழையுங்கள். எந்தச் சாலை, எந்த ஊருக்கு அருகே, பலகையில் என்ன எண், புகையின் நிறம் என்ன, அது எந்தப் பக்கம் போகிறது, எத்தனை பேர் விழுந்து கிடக்கிறார்கள் என்று வரிசையாகச் சொல்லுங்கள். எதிர்த்திசையில் வரும் வண்டிகளை நிறுத்தச் சொல்லிக் கை காட்டுங்கள். தீயணைப்பு வண்டி எந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டும், என்னென்ன ஏற்றிக்கொண்டு வர வேண்டும் என்பது நீங்கள் சொல்லும் அந்தத் தகவலை வைத்தே முடிவாகிறது.